யோர்கன் பெடர்சன் கிராம்

கணிதத்தை விருப்பப் பாடமாகக் கொண்டு பட்ட வகுப்பிற் பயிலும் மாணாக்கருள் கிராம்–ஷ்மிட் முறையை அறியாதார் இலர். தரப்பட்ட சில வெக்டர்களினின்று, ஒன்றற்கொன்று செங்குத்தாயும் ஒவ்வொன்றும் ஓரலகு நீளமுடையதாயும் உள்ள அடிப்படைத் தொகுதியொன்றை ஆக்கிக்கொள்ளும் வழி அது. தேர்வுக்கு முந்திய இரவில் அதனை நெட்டுருப் பண்ணாத மாணாக்கரும் இலர் எனலாம். ஆயினும் அப்பெயர்க்கு உரியவர் யாவர் என்று வினவுவார் மிகச் சிலரே. நாம் மாணாக்கராய் இருந்த காலத்து, கிராம் என்பது இயற்பெயர், ஷ்மிட் என்பது குடிப்பெயர், இரண்டும் ஒருவரையே குறிப்பன என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். அவர் இருவர் என்பதும், அவருள் முன்னவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஆசிரியராய் அமராது, ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் அலுவலகத்திற் கணக்குப் பார்த்து வாழ்ந்தவர் என்பதும் பின்னரே எமக்குத் தெரியவந்தன. அம்முன்னவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுதும்.

யோர்கன் பெடர்சன் கிராம் 1850-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 27-ஆம் நாள் ஷ்லெஸ்விக் நாட்டின் வடபாலுள்ள நுஸ்ட்ரூப் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் ஓர் உழவர். அக்காலத்து ஷ்லெஸ்விக் டென்மார்க்கு மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. எனினும் அங்கு வாழ்ந்த டேனிய மொழியாளருக்கும் ஜெர்மானிய மொழியாளருக்கும் இடையே அந்நாடு யாருக்கு உரியது என்னும் பூசல் முற்றியிருந்தது. குழந்தை பிறந்து ஒரு திங்களும் நிரம்பாமுன்னர், ஜூலை 25-ஆம் நாள், அதே நாட்டில் இஸ்டெட் என்னுமிடத்துப் பெரும்போர் ஒன்று நிகழ்ந்தது. அப்போரில் டேனியர் வென்றனர். ஆயினும் பூசல் அடங்கிற்றில்லை.

கிராம் 1862-இல் ரீபே நகரத்துத் தலைமைக் கோவிலைச் சார்ந்த பழம்பள்ளியிற் சேர்ந்தார். இரண்டு யாண்டுகள் கழிந்ததும் மீண்டும் போர் மூண்டது. 1864-இல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் கூடிப் பொருதமையால் டென்மார்க்கு தோற்று ஷ்லெஸ்விக் நாட்டை இழந்தது. ரீபே நகரம் டென்மார்க்கிலேயே தங்க, நுஸ்ட்ரூப் எல்லைக்கு அப்பாற்பட்டதாயிற்று. பதினான்கு வயதுச் சிறுவர் படித்த ஊர் ஒரு நாட்டிலும் பிறந்த ஊர் மற்றொரு நாட்டிலுமாக நேர்ந்தது. 1868-இல் அப்பள்ளியின் இறுதித் தேர்விற் றேறிக் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகம் புகுந்தார். 1873-இல் கணிதத்தில் உயர்பட்டம் எய்தினார்.

மறு ஆண்டிலேயே அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. ஒரு கோவையின் மாறிகளை நேர்முறையில் வேறாக்கினும் தாம் வேறாகாது நிற்கும் கணியங்களைப் பற்றியது அது. அக்காலத்து ஐரோப்பியக் கணிதருள் பலர் இத்துறையில் உழைத்துக்கொண்டிருந்தனர். இருபத்து நான்கு வயது இளைஞர் எழுதிய அக்கட்டுரை பிரெஞ்சு மொழியில் ஜெர்மானிய நாட்டுச் சிறந்த கணித இதழொன்றில் இடம் பெற்றது. இத்தகைய தொடக்கமுடையார் பல்கலைக்கழகப் பதவியை நாடுவர் என்று எவரும் எதிர்பார்ப்பர். கிராம் அவ்வழியிற் செல்லவில்லை. 1875-இல் ஹாப்னியா என்னும் ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கழகத்தில் உதவியாளராய் அமர்ந்தார்.

ஹாப்னியா என்பது கோப்பன்ஹேகன் நகரத்தின் இலத்தீன் பெயர். அப்பெயரிய கழகம் 1872-இற் றோன்றியது. அதனை நிறுவினோருள் ஒருவர் தீலே என்பார். அவர் வானநூல் வல்லுநர். அளவைகளின் பிழைகளைப் பற்றி ஆழ்ந்து ஆராய்ந்தவர். கழகத்தின் கணித நெறியாளரும் அவரே. ஆகவே கிராம் புகுந்த இடம் வெறும் பேரேடு எழுதும் இடம் அன்று.

இன்ஷ்யூரன்ஸ் கணக்கில் யாது அருமை உளது என்று சிலர் ஐயுறலாம். ஒருவர் ஆண்டுதோறும் செலுத்தவேண்டிய பிரீமியத்தை இறப்பு அட்டவணை கொண்டு வரையறுப்பர். ஒவ்வொரு வயதிலும் ஆயிரவருள் எத்துணைப் பேர் இறப்பர் என்பதே அவ்வட்டவணை கூறுவது. தொகை குறைவாக வரையறுக்கப்படின், பல யாண்டுகட்குப் பின் கைம்பெண்களும் குழந்தைகளும் வந்து கேட்கும்பொழுது கழகத்தின் பெட்டி வெறுமையாய் இருக்கும். மிகையாக வரையறுக்கப்படின், ஏழைகள் சேரமாட்டார். உண்மையில் எண்ணிக் கண்ட இறப்புத் தொகைகளோ வயதுதோறும் ஒழுங்கின்றி ஏறியும் இறங்கியும் நிற்கும். அவ்வேற்றிறக்கத்துள் இயற்கையின் போக்கு எது, தற்செயல் எது என்று பிரித்தறிதல் வேண்டும். அதன்பொருட்டுச் சில எளிய கோவைகளைத் தக்க குணகங்களாற் பெருக்கிக் கூட்டி, கண்ட எண்களுக்கு இயன்ற அளவு அணுகச் செய்வர். காணும் வேறுபாடுகளின் வர்க்கங்களைக் கூட்ட வருந்தொகை மிகச் சிறியதாகுமாறு குணகங்களைத் தெரிவது மீச்சிறு வர்க்க முறை. லெஜாந்தரும் காஸும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதனை வெளியிட்டிருந்தனர்.

ஆனால் அம்முறையில் ஓர் இடர் இருந்தது. அதனை ஒரு சிறு கணக்காற் காட்டுவோம்; எண்கள் விளக்கத்தின் பொருட்டு நாமே வகுத்துக்கொண்டவை. ஐந்து யாண்டுகளில் ஒரு தொகை முறையே 3, 4, 8, 9, 11 ஆக இருந்தது என்க. மாறாத ஓர் எண்ணாற் குறிக்க முயலின், தக்கது சராசரியாகிய 7. ஆண்டெண்ணையும் சேர்த்து ஒரு நேர்கோட்டாற் குறிக்க முயலின், ஆண்டெண்ணின் குணகம் 2.1 ஆகும், மாறா எண்ணோ 7 என்பது போய் 0.7 ஆகிவிடும். ஆண்டெண்ணின் வர்க்கத்தையும் சேர்ப்பின், 0.7 என்பது 0.2 ஆகும், 2.1 என்பதும் ஏறக்குறைய 2.53 ஆகும். ஓர் உறுப்புக் கூடுந்தோறும் முன் செய்த கணக்கு முழுவதும் பாழாகிறது. எந்திரங்களின் துணையின்றி எழுதுகோல் கொண்டே பெருக்கி வகுத்த அக்காலத்தில் இது எத்துணைத் துன்பம் என்பதனை இன்றைய மாணாக்கர் எண்ணிப் பார்ப்பாராக. அன்றியும், எத்தனை உறுப்புக்கள் போதும் என்பதும் முன்கூட்டித் தெரியாது.

இடரின் காரணம் யாது? நாம் கையாண்ட வரிசைகள் மூன்று: (1, 1, 1, 1, 1), (1, 2, 3, 4, 5), (1, 4, 9, 16, 25). இவற்றுள் ஒன்றன் பகுதி மற்றொன்றிற் கலந்து கிடக்கின்றது. பங்காளிகள் மூவர் ஒரே நிலத்தை வரப்பின்றி உழுவது போன்றது இது; மூன்றாமவர் வந்து சேரின் முதலிருவர் பங்கும் மாறிவிடும். கிராம் செய்தது வரப்பு இடுதலே.

இரு வரிசைகளின் ஒத்த உறுப்புக்களைப் பெருக்கிக் கூட்ட வருவது உட்பெருக்கம். அது பூச்சியமாயின் அவ்விரண்டும் செங்குத்தானவை எனப்படும். முதல் வரிசையை அவ்வாறே வைத்துக்கொள்க. அது தன்னோடு தான் பெருகின் 5. இரண்டாவதனோடு பெருகின் 15. 15-ஐ 5-ஆல் வகுக்க 3. ஆதலின் இரண்டாவதனினின்று முதலாவதன் மும்மடங்கைக் கழிக்க, எஞ்சுவது (−2, −1, 0, 1, 2). இது முதலாவதற்குச் செங்குத்து. இனி மூன்றாவது. அதில் முதலாவதன் பங்கு 55-ஐ 5-ஆல் வகுத்த 11. அதனைக் கழிக்க (−10, −7, −2, 5, 14). இதில் புதிய இரண்டாவதன் பங்கு 60-ஐ 10-ஆல் வகுத்த 6; அதனையும் கழிக்க (2, −1, −2, −1, 2). இப்பொழுது மூன்றும் ஒன்றற்கொன்று செங்குத்தாயின. இவற்றை முறையே 5, 10, 14 ஆகிய எண்களின் வர்க்கமூலங்களால் வகுத்தால் ஒவ்வொன்றும் ஓரலகு நீளம் பெறும். மாணாக்கர் தேர்வில் எழுதுவது இவ்வளவே.

எழுதி முடித்தபின் அதனால் விளையும் பயனைப் பலர் நோக்குவதில்லை. நம் தொகைகளாகிய 3, 4, 8, 9, 11 என்பவற்றை இப்புதிய வரிசைகளால் அளப்போம். முதலாவதன் குணகம் 35-ஐ 5-ஆல் வகுத்த 7. இரண்டாவதனது 21-ஐ 10-ஆல் வகுத்த 2.1, மூன்றாவதனது −1-ஐ 14-ஆல் வகுத்தது. 7 என்பது 7-ஆகவே நிற்கும், 2.1 என்பது 2.1-ஆகவே நிற்கும். புதியது வரினும் பழையது அசையாது. அதனினும் சிறந்தது ஒன்று உண்டு. முதலுறுப்பை மட்டும் கொண்டால் வேறுபாட்டு வர்க்கங்களின் தொகை 46. இரண்டாவதும் சேரின் 1.9, மூன்றாவதும் சேரின் 1.83. இரண்டாவது உறுப்பு பெரும்பயன் தந்தது; மூன்றாவது பெரும்பாலும் வீண். ஆகவே எங்கு நிறுத்தலாம் என்பதும் கணக்குச் செய்யும்பொழுதே புலனாகிவிடுகிறது.

1879-இல் கிராம் டாக்டர் பட்டத்திற்கு அளித்த நூல் இப்பொருளையே கூறுவது. மீச்சிறு வர்க்க முறையால் தொடர்களை ஆக்குதல் அதன் பொருள். அது டேனிய மொழியில் எழுதப்பட்டமையால் பிறநாட்டார் பலர் கண்ணிற் படவில்லை. 1883-இல் அதன் கருத்துக்களை ஜெர்மன் மொழியில் ஒரு கட்டுரையாக்கி வெளியிட்டார். எண் வரிசைகளுக்கு மட்டுமன்றித் தொடர்ச்சியான சார்புகளுக்கும், கூட்டலுக்கு ஈடாகத் தொகையீட்டைக் கொண்டு, இதே முறையை அவர் விரித்தார். ரஷ்ய அறிஞர் செபிஷெவ் இதற்கு முன்னரே செங்குத்துக் கோவைகளைக் கையாண்டிருந்தார் என்பதும் ஈண்டுச் சொல்லத் தக்கது. கிராம் விடைகளைப் பெரும்பாலும் அணிக்கோவைகளால் எழுதினார். வரிசைகளின் உட்பெருக்கங்களை நிரல்பட அடுக்கிய அணிக்கோவை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அது பூச்சியமாயின், வரிசைகளுள் ஒன்றேனும் மற்றவற்றால் ஆக்கப்படுவது என்று அறியலாம். மேற்கண்ட கணக்கில் அதன் மதிப்பு 700. அஃதாவது 5, 10, 14 என்னும் மூன்றன் பெருக்கம். ஐயமுள்ளோர் விரித்துப் பார்க்கலாம்.

அலுவலகப் பணியினூடே அவர் மனம் பகாவெண்களிலும் சென்றது. தரப்பட்ட ஓர் எல்லைக்குட்பட்ட பகாவெண்கள் எத்தனை என்பதனைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சிக்கு 1884-இல் டென்மார்க்கு அரச அறிவியற் கழகம் தங்கப் பதக்கம் வழங்கியது. ரீமன் கண்ட சூத்திரத்தைக் கணக்கிடற்கு எளிய ஒரு தொடராக அவர் மாற்றித் தந்தார். பத்து லட்சத்திற்குட்பட்ட பகாவெண்கள் 78,498. மடக்கைத் தொகையீட்டாற் கணக்கிடின் ஏறக்குறைய 78,628 என வரும். ரீமன் சூத்திரத்தாலாயின் 78,527 என வரும். பிழை 130 என்பது 29-ஆகக் குறைந்தது. சென்னைத் துறைமுக அலுவலகத்திற் கணக்கராய் இருந்த நம் இராமாநுஜன் 1913-இல் ஹார்டிக்கு எழுதிய கடிதங்களிற் பகாவெண்களைப் பற்றிக் கூறிய தொடர் இந்தக் கிராம் தொடரே என்று பின்னர் அறியப்பட்டது. ஐரோப்பியரின் அவ்வாராய்ச்சிகளை அறியாமலே அவர் அதனைத் தாமாகக் கண்டார். பிழை மிகச் சிறிது என்று அவர் நம்பிய அளவு மட்டும் பொருந்தாதாயிற்று. கோப்பன்ஹேகனிலும் சென்னையிலும் கணக்கெழுதும் மேசைகளினின்றே ஒரு தொடர் இருமுறை பிறந்தது என்பது நமக்கு வியப்பளிக்கிறது.

பதக்கம் பெற்ற அதே ஆண்டில் கிராம் தாமே ஓர் இன்ஷ்யூரன்ஸ் கழகத்தை நிறுவி, கேடயம் எனப் பொருள்படும் ஸ்கியோல்ட் என்னும் பெயரை அதற்கு இட்டு, நெறியாளராய் 1910 வரை நடத்தினார். 1888-இல் அரச அறிவியற் கழகத்தின் உறுப்பினராகத் தெரிந்தெடுக்கப்பெற்றார். அதன் பொருளாளராகவும் பணிபுரிந்தார். 1910 முதல் டென்மார்க்கு இன்ஷ்யூரன்ஸ் மன்றத்தின் தலைமையையும் தாங்கினார். காடுகளின் பராமரிப்பைக் கணித முறையில் ஆராய்ந்ததும் உண்டு. இப்பதவிகளை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. இத்தனையும் தாங்கிய ஒருவருக்கு ஆராய்ச்சி செய்யப் பொழுது எங்கிருந்து கிடைத்தது என்பதே நம்மை மலைக்கச் செய்கிறது. கோப்பன்ஹேகன் கணிதச் சங்கத்தில் அவர் சொற்பொழிவாற்றியதுண்டு. பல்கலைக்கழக வகுப்பிற் பாடஞ் சொல்லியதில்லை. தம் முறையைத் தாமே பரப்புதற்குரிய மாணாக்கர் குழாம் அவருக்கு வாய்க்காமற் போனதற்கு இதுவே காரணம் எனக் கருதுகிறோம்.

ஐம்பது வயது கடந்தபின் அவர் செய்த கணக்கு ஒன்று சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. பகாவெண்களின் பரவலை ஆளும் ஜீட்டாச் சார்பு பூச்சியமாகும் இடங்கள், சாதாரணமானவை நீங்க, யாவும் ஒரே கோட்டிற் கிடப்பன என்று 1859-இல் ரீமன் ஊகித்தார். அவ்வூகம் இன்றளவும் மெய்ப்பிக்கப்படவில்லை. 1903-இல் கிராம் அவ்விடங்களுள் முதற் பதினைந்தையும் கணக்கிட்டு வெளியிட்டார். முதலாவதன் உயரம் 14.1347, பதினைந்தாவது 65-ஐச் சற்றுக் கடந்தது, பதினைந்தும் அக்கோட்டிலேயே இருந்தன. அவற்றைத் தேடுதற்கு அவர் வகுத்த புள்ளிகள் கிராம் புள்ளிகள் எனப்படுகின்றன. அடுத்தடுத்த இரு புள்ளிகட்கிடையே பூச்சியம் ஒன்று கிடத்தலை அவர் கண்டார். ஹட்சின்சன் என்பார் 1925-இல் இவ்வொழுங்கிற்குக் கிராம் விதி என்று பெயரிட்டார். நூற்றுக்கு மேற்பட்ட புள்ளிகளைக் கடந்தபின் அவ்விதி பிழைபடும் இடத்தைக் கண்டு கூறியவரும் அவரே.

இனி ஷ்மிட்டைப் பற்றி ஒரு சொல். எர்ஹார்ட் ஷ்மிட் 1876-இல் பால்டிக் நாட்டு டோர்பாட் நகரிற் பிறந்தவர். கோட்டிங்கன் நகரில் ஹில்பர்ட் என்னும் பேராசிரியரிடம் பயின்று 1905-இல் டாக்டர் பட்டம் பெற்றவர். தொகையீட்டுச் சமன்பாடுகளைப் பற்றி 1907-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் ஒவ்வொன்றாகக் கழித்துச் செல்லும் முறை, நாம் மேலே செய்தது போன்றே, படிப்படியாகத் தெளிவுற எழுதப்பட்டது. அது கிராம் கண்ட முறையே என்பதனை அவர் மறையாது குறித்தார். நான்கு வரிக் குறிப்பேனும் எழுத மனமில்லாது பிறர் உழைப்பைத் தமதாக்கிக்கொள்வாரும் உளர். ஷ்மிட் அத்தகையர் அல்லர். இரு பெயரையும் இணைத்து வழங்கும் வழக்கம் 1930-களில் எழுந்தது. அவ்விருவர்க்கும் நெடுநாள் முன்னரே, 1816-இல், கோள்களின் நிறையைக் கணிக்கப் புகுந்த லாப்லாஸ் இதனையொத்த கழித்தல் முறையைக் கையாண்டார் என்று பிற்காலத்தார் கண்டுள்ளனர். எனினும் பெயர் மாறவில்லை. இக்காலத்துக் கணினிகளில் ஏறக்குறைய ஒரே திசையிற் சாய்ந்த வரிசைகளுக்கு இம்முறையைக் கையாளின், பதின்மத் தானங்களைக் குறுக்குவதால் வரும் சிறுபிழைகள் செங்குத்துத் தன்மையைக் கெடுத்துவிடும். அதுபற்றிக் கழித்தலின் வரிசையைச் சிறிது மாற்றிக்கொள்வர். வேறு முறைகளையும் நாடுவர்.

கிராம் தம் வாழ்நாளின் இறுதி வரை அறிவியற் கழகக் கூட்டங்களுக்குத் தவறாது செல்லும் ஆர்வமுடையவராய் இருந்தார். 1916-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 29-ஆம் நாள் அத்தகைய கூட்டம் ஒன்றிற்குச் சென்றுகொண்டிருந்த பொழுது, கோப்பன்ஹேகன் நகரில் ஒரு சைக்கிள் அவர்மீது மோதியது. அதனால் அவர் உயிர் துறந்தார். அப்பொழுது அவருக்கு வயது அறுபத்தைந்து. எதிர்பாராத சாவுகளை ஆண்டுக் கணக்காய் அட்டவணைப்படுத்திய அன்னார்க்கு இத்தகைய முடிவு நேர்ந்தது. அவர் பிறந்த நுஸ்ட்ரூப் அன்றும் ஜெர்மானியர் ஆட்சியிலேயே இருந்தது. நான்கு யாண்டுகள் கழித்து, 1920-இல், வட ஷ்லெஸ்விக் மக்களிடம் வாக்கெடுப்பு நிகழ்ந்தபின் அவ்வூர் டென்மார்க்கோடு மீண்டும் சேர்க்கப்பட்டது.